அத்தை வீட்டுக் கினிக்கோழிகள்

எங்கள் தர்மபுரத்துக்கும் மாத்தளைக்கும் இடையில் ஓடுவது ஒரே வீதிதான். பரந்தனுக்கு வந்து யாழ்ப்பாணம் – கண்டி வீதியில் ஏறினால் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை, தம்புள்ளை தாண்டி நேரே மாத்தளையில் இறங்கலாம். ஆனாலும் அந்த வீதியால் மாத்தளைக்குப் போக எனக்கு முப்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது. இடையில் அது மூடியே கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, பிறகு எல்லாம் முடிந்த பின்னர்தான் எங்களுக்குத் திறந்தது. 2014 மாசி மாதம் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன்.

எனது தகப்பனார் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆவணிக் கலவரத்தில் லயத்தை விட்டு அம்மாவோடு ஓடி, வவுனியாவில் தங்கி, கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார். மலையகத்தில் இருந்து அப்படி வன்னிக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கும் அதே கதை இருக்கும். அப்பாவின் மூத்த அக்கா மட்டும் "எது வந்தாலும் இங்கேயே" என்று தங்கிவிட்டார். அந்த அத்தையைத்தான் பார்க்கப் போனேன். அப்பா இல்லை. 2009இல் எனது கணவரும் போய்விட்டார். உறவென்று சொல்ல மிஞ்சியவர்களில் அத்தை ஒருவர்.

மாத்தளையில் பெருவீதி ஓரத்திலேயே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1983இல் எரிக்கப்பட்டுத் திரும்ப எழுந்த கோயில். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். நாங்கள் போனபோது பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. வெயிலில் காய்ந்த வன்னியில் இருந்து வந்த எங்களுக்கு அந்தப் பச்சை கண்ணைக் கூசியது. மிளகுக் கொடி ஏறாத மரமே இல்லை. கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ, கோப்பி எல்லாம் வீட்டு வளவுக்குள்ளேயே நிற்கின்றன. இரத்தோட்டைச் சந்தியில் சிங்களவர் கடை, முஸ்லிம் கடை, தமிழர் கடை எல்லாம் தோளோடு தோள். மேலே பார்த்தால் நக்கிள்ஸ் மலை. அந்த வீதியில் தொடர்ந்து ஏறினால் ரிவர்ஸ்டன். அங்கே வீசும் காற்றில் மரங்கள்கூட உயரமாக வளர்வதில்லை என்று மச்சான் சொன்னார். பம்பரகிரி நீர்வீழ்ச்சிக்கு மட்டும் மகளைக் கூட்டிப்போய்த் தொங்குபாலத்தில் நடக்கவிட்டேன். ரிவர்ஸ்டனுக்கு ஏற நேரம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் கோழிகள்தான்.

அத்தை இப்போது லயத்தில் இல்லை. தோட்ட எல்லையோரம் ஒரு துண்டுக் காணி, இரண்டு அறை வீடு, பின்னால் சரிவு, அதற்கப்பால் காடு. முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒங்கப்பன் மூக்கு. பேச்சுத்தான் யாழ்ப்பாணத்துப் பேச்சா ஒட்டிக்கிச்சு" என்றார்.

அடுத்த நாள் விடியற்காலை நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதவேண்டும். நல்ல நித்திரையில் கிடந்தேன். திடீரென்று வீட்டுக்குப் பின்னால் 'கடகடகட' என்று ஒரு சத்தம். ஒன்று தொடங்க மற்றது சேர, நிற்காமல் அடுக்கடுக்காக வந்தது. என்ன ஏதென்று யோசிக்க முன்னரே மகளை இழுத்து எனக்குக் கீழே போட்டுக்கொண்டு கட்டிலடியில் கிடந்தேன். அத்தை விளக்கோடு ஓடி வந்து, "ஏன் புள்ள இப்புடி நடுங்குற? அது கினிக்கோழி. கீரி வந்திருக்கும், கத்துது" என்றார். நான் வெளியே வந்து பார்த்தேன். கொய்யாமரத்தில் ஆறு பறவைகள். கரும்சாம்பல் உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. தலையில் இறகில்லை, உச்சியில் கொம்பு மாதிரி ஒரு முடிச்சு. சரிவுப் பக்கம் பார்த்து ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. கீழே கூட்டுக்குள் ஊர்க்கோழிகள் மூச்சுக்காட்டவில்லை. பிறகு கீரி போய்விட்டது, எல்லாம் அமைதியானது.

அத்தை தேநீர் ஊற்றித் தந்தார். நான் ஏன் அப்படிக் கிடந்தேன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி ராவு இதுங்க இருந்திருந்தா, அவனுங்க வர்றத முன்னாடியே கண்டிருப்போம்" என்றார். 1977ஐத்தான் சொன்னார்.

மேலே போவதை விட்டுவிட்டு ஐந்து நாட்களும் அத்தையின் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் காரணம் இருந்தது. 2011இல் எங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஒரு நிறுவனம் ஆளுக்குப் பத்துக் கோழி தந்தது. தடுப்பூசி போட்டவையா என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்குள் கழுத்து முறுகி, பச்சையாய்க் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ராணிக்கெட் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. மிஞ்சியதைப் பருந்தும் மரநாயும் தூக்கின. கோழி வளர்ப்பே வேண்டாம் என்று விட்டிருந்தேன். இங்கே பார்த்தால், காட்டோரம், கீரி, மரநாய், சாரைப்பாம்பு எல்லாம் உள்ள இடத்தில் அத்தை பதினான்கு ஊர்க்கோழி வைத்திருக்கிறார். காலையில் காட்டுச் சேவல்கூட வேலியோரம் வந்து கூவிவிட்டுப் போகிறது. எங்கள் நாட்டின் தேசியப் பறவை அதுதான். வேறெந்த நாட்டிலும் இல்லாதது.

"கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா குடுத்த முட்டை புள்ள. பாம்புக்கு நல்லதுன்னு சொன்னா" என்றார் அத்தை. பாம்பைக் கண்டால் இவை ஓடாது. கூட்டமாகச் சுற்றி நின்று கத்தும், கொத்தும். சின்னதென்றால் கொன்றும் விடும். பருந்தின் நிழல் விழுந்தால் முதலில் குரல் கொடுப்பது இவைதான். அந்தக் குரல் கேட்டவுடன் பேடு குஞ்சுகளோடு கோப்பிச் செடிக்குள் ஒதுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். தெரியாத ஆள் படலையைத் தொட்டாலும் அதே கூப்பாடுதான். பூச்சி, கறையான், உண்ணி எல்லாம் பொறுக்கித் தின்னும். அட்டையையும் தின்னும் என்று மச்சான் சொன்னார், நான் அதைக் காணவில்லை. என் காலில் ஏறிய அட்டைகளை நான்தான் பிடுங்கினேன். கோழியைப்போல நிலத்தைக் கிளறிப் பாத்தியை நாசமாக்குவதும் குறைவு. ஆனால் காயும் மிளகின்மேல் கூட்டமாக நடந்துபோவதில் கோழிக்குக் கொஞ்சமும் சளைத்தவை அல்ல.

இந்தப் பறவையின் சொந்த ஊர் ஆபிரிக்கா. மேற்காபிரிக்கக் கரையின் பெயரான கினிதான் அதற்கும் பெயர். கானாவின் வடக்கிலும் புர்க்கினா பாசோவிலும் ஏழைக் குடும்பங்கள் இன்றும் கூட்டம் கூட்டமாக வளர்க்கின்றன. இந்தியாவில் இசத்நகர் பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதாம்பரி, சுவேதாம்பரி என்று மூன்று இனங்களை உருவாக்கியிருக்கிறது. அத்தையிடம் இருந்தவை பெயரில்லாத புள்ளிக் கோழிகள். அவற்றுக்கும் குறை ஒன்றும் இல்லை.

இரண்டும் ஒன்றாக ஒத்துப்போகுமா என்பதுதான் எனது கேள்வி. அத்தை சிரித்தார். "போகும், போகாது" என்றார்.

அடுத்த நாள் பார்த்தபோது விளங்கியது. தீன் போட்ட இடத்தில் கினிச்சேவல் ஒன்று எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஊர்ச்சேவலின் வாலைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடியது. ஊர்ச்சேவல் முறைப்படி சண்டை போடப் பழகியது. நேருக்கு நேர் நின்று, சிலிர்த்து, பிறகு பாயும். இது பக்கவாட்டில், பின்னால் என்று வந்து இறகைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறது. பாவம், ஊர்ச்சேவல் என்ன செய்வதென்று தெரியாமல் வட்டமிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அடைத்த கூட்டுக்குள் இது நடந்தால் சிரிப்பாக இருக்காது. ஓடிப்போக இடமில்லாத கோழியின் முதுகு இரத்தமாகிவிடும். குஞ்சென்றால் உயிரே போகும். அத்தை முன்பு மூன்று கினிச்சேவல் வைத்திருந்து, இரண்டைக் கறியாக்கிய பிறகுதான் முற்றம் அடங்கியதாம். நாலைந்து பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அதுவும் முட்டை இடும் காலத்தில் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும்.

எது சேவல், எது பேடு என்று பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் ஒரே மாதிரி. குரலைத்தான் கேட்கவேண்டும். இரண்டு மாதம் கடந்தபின் பேடு இரண்டு அசையாகக் கத்தும். அத்தையின் காதுக்கு அது "வா, பார்! வா, பார்!" என்று கேட்கிறதாம். சேவலுக்கு அந்த இரட்டைக் குரல் வரவே வராது, ஒற்றைக் கத்தல்தான். பயந்தால் பேடும் ஒற்றைக் குரலில் கத்தும், ஆகவே 'வா, பார்' கேட்கும்வரை பொறுத்திருந்துதான் முடிவு செய்யவேண்டும்.

அத்தை தீனை ஒரே இடத்தில் போடுவதில்லை. மூன்று மூலையில் போடுவார், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நடுவில் பழைய தகரமோ விறகுக் குவியலோ இருக்கும். துரத்தப்பட்ட கோழிக்குப் போய்த் தின்ன வேறு இடம் கிடைக்கும். கூடு ஒன்றுதான், ஆனால் கொம்புகள் இரண்டு உயரத்தில் கட்டியிருந்தார். கினிக்கோழிக்கு உயரமான கொம்பு வேண்டும். இல்லாவிட்டால் மரத்துக்குப் போய்விடும். மரத்தில் தூங்குவதை ஆந்தையும் மரநாயும் தூக்கும். இருட்டான கூட்டுக்குள் அவை நுழையப் பயப்படும் என்பதால் பொழுது சாயும்போது கூட்டுக்குள் ஒரு சிறு விளக்கைத் தொங்கவிடுவார். எல்லாம் ஏறியதும் எடுத்துவிடுவார். அப்படியும் நான் இருந்த ஐந்து நாளில் மூன்று நாள் அவை கொய்யாமரத்தில்தான் படுத்தன. அத்தைக்கு அது ஒரு தீராத வழக்கு.

புதிதாக வாங்கிய பெரிய கினிக்கோழியை அன்றே திறந்துவிட்டால் அது காடேறிவிடும். ஒரு மாதம், ஒன்றரை மாதமாவது அடைத்துவைத்து அதே இடத்தில் தீன் போட்டால்தான் வீடு எது என்று தெரியும். ஆகவே பறவையை வாங்காமல் முட்டையைக் கொண்டுபோ என்றார் அத்தை. கோழி முட்டையை விடச் சிறிது, கூர்முனை நன்றாகத் தெரியும், ஓடு அத்தனை தடிப்பு. பஸ் குலுக்கலுக்கு அஞ்சாது. வருடம் முழுதும் இடாது. சில மாதம் தொடர்ந்து இட்டுவிட்டு நிறுத்திவிடும். கூட்டில் இடாமல் செடிமறைவில் எல்லாப் பேடும் ஒரே குழியில் இடும். தேடிப் போகும்போது கையால் எடுத்தால் இடத்தை மாற்றிவிடும் என்று அத்தை ஒரு கரண்டியால் எடுத்தார். அதில் உண்மை எவ்வளவு என்று தெரியாது, நானும் இன்றுவரை கரண்டியால்தான் எடுக்கிறேன்.

பிஸ்கட் தகரத்தில் உமி நிரப்பி, கூர்முனை கீழாகப் பன்னிரண்டு முட்டை அடுக்கித் தந்தார். புறப்படும்போது நான் அழுதேன். அத்தை அழவில்லை. "குஞ்சு பொரிச்சா போன் பண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முட்டைகளை ஆறவிட்டுப் பக்கத்து வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்தேன். இங்கேதான் பலரும் தவறுவது. கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும். கினி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால், கோழிக்குஞ்சு வெளியே வந்ததும் தாய் எழும்பிவிடும், கினி முட்டை குளிர்ந்து கெட்டுவிடும். இரண்டும் சேர்ந்து வளரவேண்டும் என்றால் கினி முட்டையை முதலில் வைத்து, ஆறு நாள் கழித்துக் கோழி முட்டையை வைக்கவேண்டும். நான் நாலு கோழி முட்டை அப்படி வைத்தேன். பன்னிரண்டில் ஏழு கினிக்குஞ்சு வந்தது, மூன்று கோழிக்குஞ்சு வந்தது. மண்ணிறக் கோடு போட்ட, பஞ்சு மாதிரியான குஞ்சுகள். மகள் பள்ளிக்கூடம் போக மறுத்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விழுந்து செத்தன. அத்தை சொல்லித்தான் விட்டிருந்தார், நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். தட்டையான மூடியில் கூழாங்கல் போட்டு, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வைக்கவேண்டும். இன்னொன்று, தாய் பனி ஈரத்தில் புல்லுக்குள் கூட்டிப்போனதால் விறைத்துப்போனது. முதல் ஒரு மாதம் ஈரமும் குளிரும்தான் அதற்கு எமன். வளர்ந்துவிட்டால் ஊர்க்கோழியைவிடத் தாங்கும். தீனிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கினிக்குஞ்சுக்கு முதல் மாதம் புரதம் கூடத் தேவை, நூற்றுக்கு 24, 26 பங்காவது வேண்டும். கடையில் விற்கும் இறைச்சிக்கோழிக் குஞ்சுத்தீன் அதற்குக் கொஞ்சம் கிட்ட வரும். அதோடு நான் கறையான் கொடுத்தேன். பழைய பானையில் ஈரச் சாணியும் வைக்கோலும் போட்டு இரவு புற்றோரம் கவிழ்த்துவைத்தால் காலையில் நிறையக் கறையான் ஏறியிருக்கும். வன்னியில் கறையானுக்கா பஞ்சம்?

இந்த முறை மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு நானே போய் ராணிக்கெட் தடுப்பூசி எப்போது, எத்தனை தரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கோழிக்கும் கினிக்கும் சேர்த்தே போட்டேன். கினிக்கோழிக்கு நோயே வராது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். நோய் குறைவு, அவ்வளவுதான். ராணிக்கெட் அதற்கும் வரும்.

நாலு வளர்ந்தன. தாய்க்கோழியோடு வளர்ந்ததால் அதன் பின்னாலேயே கூட்டுக்குள் ஏறப் பழகின. அத்தையுடையதைவிட என்னுடையவை ஒழுக்கமானவை என்று போனில் சொன்னேன். சத்தம் மட்டும் ஒழுக்கத்துக்கு உட்படவில்லை. முதல் தரம் நாலும் சேர்ந்து கத்தியபோது மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி இருந்தாள். பக்கத்து வளவு அம்மாவுக்கும் அந்தச் சத்தம் ஆகவில்லை. அவருக்கு இரண்டு மகன்மாரும் இல்லை. வளர்க்க விரும்புகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். நான் அவரைக் கூப்பிட்டு, பருந்தைக் கண்டு அவை கத்துவதை நேரில் காட்டினேன். எதற்குக் கத்துகிறது என்று தெரிந்தபிறகு சத்தம் கொஞ்சம் சத்தமாகவே கேட்கத் தொடங்கியது. வேறொன்றாகக் கேட்பது குறைந்தது. எனக்கும் அப்படித்தான் ஆனது. கொஞ்ச நாள் எடுத்தது.

2015 ஆனி மாதம் ஒரு இரவு. தகரம் அடித்த வீடு, வேலி என்று பேருக்கு நாலு முட்கம்பி, நானும் மகளும் மட்டும். நிலவு இருந்தது. ஒரு மணி போலக் கூட்டுக்குள் நாலும் ஒரேயடியாகக் கத்தின. நான் எழும்பி விளக்கைப் போட்டு, "ஆர் அது?" என்று கத்தினேன். பக்கத்து அம்மா அந்தப் பக்கத்தில் இருந்து தகரத்தில் தட்டினார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் எழும்பினார்கள். ஆரோ வேலியோரமாக ஓடும் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால், கிணற்றடிப் பக்கம் கம்பி வளைந்து, ஈர மண்ணில் பெரிய செருப்பு அடையாளம் இருந்தது. கோழி பிடிக்க வந்தவனா, வேறு எதற்கும் வந்தவனா, இன்றுவரை தெரியாது. அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் மூன்று வீட்டுப் பெண்கள் என்னிடம் முட்டை கேட்டார்கள். சத்தம் வேண்டாம் என்ற பக்கத்து அம்மாதான் முதலில் கேட்டவர்.

இன்று என்னிடம் ஒன்பது கினியும் இருபத்தியிரண்டு ஊர்க்கோழியும் நிற்கின்றன. பணக்காரி ஆகவில்லை. ஊர்க்கோழி முட்டைக்கும் இறைச்சிக்கும் எங்கள் பக்கம் எப்போதும் கேள்வி உண்டு. கினி முட்டையைச் சந்தையில் வாங்க ஆள் குறைவு, அடைவைக்கக் கேட்பவர்களுக்குத்தான் விற்கிறேன். வருமானம் கோழியில், காவல் கினியில். சேவல்களின் சண்டை இன்னும் தீரவில்லை. ஒரு தரம் கினிச்சேவல் ஊர்ப் பேட்டோடு சேர்ந்து ஒரு கலப்புக் குஞ்சுகூட வந்தது. கழுத்து நீண்டு, கொண்டையும் இல்லாமல் கொம்பும் இல்லாமல் ஒரு விசித்திரமான உரு. அந்த மாதிரிக் கலப்பு இனம் பெருக்காது. அது இரண்டு கூட்டத்திலும் சேராமல் என் பின்னாலேயே திரிந்தது. மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், ஆகவே அது கறிச்சட்டிக்குத் தப்பியது.

போன மாதம் அத்தை போன் எடுத்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. கொய்யாமரத்தில் படுத்த கினிகளை மரநாய் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், கடைசியில் ஒரு கிழட்டுச் சேவல்தான் மிச்சமாம். "அந்தக் கீழூரு அம்மாவும் போய்ச் சேந்துட்டா. ஒங்கிட்ட முட்ட இருக்கா புள்ள?" என்றார்.

இருக்கிறது. அதே பிஸ்கட் தகரம், அதன் மூடிதான் துருப்பிடித்துவிட்டது. கரண்டியால் எடுத்து எடுத்துச் சேர்த்ததில் நேற்றோடு பதினைந்து ஆயிற்று. பத்து நாளுக்கு மேல் வைத்தால் பொரிக்கும் பலன் குறையும் என்பதால் வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்திருக்கிறேன். இந்த முறை மகள்தான் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிறாளாம்.